தன்னை முந்தப் பழக்கியவர்

2023 செப்டம்பர் முதல் தேதி உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் மாதாந்தரத் தரவரிசை வெளியானபோது, இந்திய ஆட்டக்காரர்களின் வரிசையில் முதல் பெயர் மாறியிருந்தது. குகேஷ் 2758, விஸ்வநாதன் ஆனந்த் 2754. வித்தியாசம் நான்கே புள்ளி. 1986 ஜூலையில் தொடங்கி முப்பத்தேழு ஆண்டுகள் அந்த இடத்தில் ஆனந்தின் பெயர்தான் இருந்தது. அந்த ஜூலையில் அவருக்கு வயது 16. அவரை முந்திய குகேஷுக்கு 17. ஒரு தலைமுறை முழுதும் இந்தியச் சதுரங்கத்தில் இரண்டாமிடத்துக்குத்தான் போட்டி என்ற நிலைமை, சென்னைப் பையன் ஒருவனால் முடிவுக்கு வந்தது.

சாம்பியன்கள் முந்தப்படுவது விளையாட்டின் இயல்பு. அதில் வியக்க ஒன்றுமில்லை. என்னை நிற்கவைத்தது வேறு. குகேஷ் ஆனந்தின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர். ஆனந்தோ ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்ல. அந்தத் தேதியிலும் உலகின் முதல் பத்துப் பேருக்குள் இருந்த ஆட்டக்காரர். அதாவது இன்னும் களத்தில் நிற்கிற ஒருவர், தன் இடத்துக்கு வரப்போகிறவரை, அவர் வரப்போகிறார் என்று தெரிந்தே பழக்கியிருக்கிறார். போட்டி, தலைமை, பெற்றதைத் திருப்பிக் கொடுத்தல் என்று விளையாட்டு வீரர்களிடம் நாம் எதிர்பார்க்கிற மூன்றையும் தனித்தனியே வைத்துப் பேசுவதே வழக்கம். முதலில் வெல்ல வேண்டும், பிறகு தலைவனாக வேண்டும், வயதானபின் அறக்கட்டளை தொடங்க வேண்டும். ஆனந்தின் வாழ்க்கையைப் பார்க்கும்போது இவை மூன்றும் அடுத்தடுத்து வருகிற பருவங்கள் அல்ல, ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. கடுமையாகப் போட்டியிடத் தெரிந்தவரால்தான் உண்மையாகக் கொடுக்க முடிகிறது.

இந்தக் கதை ஆழ்வார்ப்பேட்டைப் பக்கம் தொடங்குகிறது. சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் மிகயீல் டால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் ஆரம்பமானது. ஆரம்பித்தவர் மானுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்சோனல் போட்டியில் கடைசி இடம்தான் கிடைத்தது, ஆனாலும் போர்ட்டிஷையும் ஊல்மானையும் அங்கே தோற்கடித்தார். கம்ப்யூட்டர் இல்லை, பயிற்சியாளர் இல்லை, நல்ல புத்தகமே கைக்கு எட்டாத காலம். அப்படித் தனியாகப் போராடிய ஒருவர் தனக்குக் கிடைக்காததை அடுத்தவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தார். சோவியத்திலிருந்து வந்த புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே இருந்தன. தேதிகளைக் கவனியுங்கள். கழகம் தொடங்கியது 1972, ஆரோனின் கடைசி தேசியப் பட்டம் 1981. அவரும் தன் பட்டங்களுக்காக ஆடிக்கொண்டிருந்தபோதேதான் அடுத்தவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தார். ஆனந்தைப் பற்றிப் பேசும்போது ஆரோனை ஒரு வரியில் தாண்டிப்போவது நம் வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை.

அந்தக் கழகத்துக்குச் சிறுவன் ஆனந்த் போனான். ஆறு வயதில் அம்மா சுசீலா காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்திருந்தார். ரயில்வே அதிகாரியான அப்பாவின் வேலை நிமித்தம் 1970களின் கடைசியில் குடும்பம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒரு சதுரங்கப் புதிர் வரும். மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் என்பதால் அம்மா குறித்துவைப்பார், மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள், பரிசாகப் புத்தகம் வரும். பரிசு வாங்கி வாங்கி, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்பாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனந்த் பல இடங்களில் சிரிப்போடு சொல்லும் சம்பவம் இது.

ஆனால் அவரை ஆட்டக்காரனாக்கியது டால் கழகத்தின் பிளிட்ஸ் மேசை. ஆளுக்குச் சில நிமிடம். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். திரும்ப ஆட வாய்ப்பு வர நேரமாகும். விளையாட வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும். ஆனந்தின் பேர்பெற்ற வேகம் அங்கே பிறந்ததுதான். எதிராளி அரைமணி யோசித்ததற்கு அரை நிமிடத்தில் பதில் வைத்து, பின்னாளில் உலகமே 'மின்னல் பையன்' என்று அழைத்த அந்தக் கை, இடத்தைவிட்டு எழுந்திருக்க விரும்பாத ஒரு சிறுவனின் கை. 1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 1986இல் தேசிய சாம்பியன். 1987இல் உலக ஜூனியர் சாம்பியன். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

வெல்லும் பசி இல்லாதவர் ஆனந்த் என்று ஒரு பிம்பம் நம்மூரில் உண்டு. நல்ல பையன், அமைதியானவர், நெற்றியில் விபூதி இல்லாத குறைதான் என்று மயிலாப்பூர் மாமாக்கள் மெச்சிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மெச்சலில் அன்பு இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. 1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவோடு முதல் எட்டு ஆட்டமும் டிராவாக, ஒன்பதாவதில் வென்று முன்னிலைக்கு வந்து, அடுத்த ஆட்டத்திலேயே நொறுங்கித் தோல்வியை நோக்கிச் சரிந்தவர் அவர். அந்த இடத்திலிருந்து ஐந்து ஆண்டு கழித்து டெஹ்ரானில் ஷிரோவை வென்று பட்டம் வாங்குவதும், அதை இழந்து, 2007இல் மெக்சிகோ நகரத்தில் மீட்பதும், மறு ஆண்டு பானில் கிராம்னிக்கை எதிர்த்து அவருடைய பலம் எதுவோ அங்கேயே போய் அடிப்பதும் பசி இல்லாதவருக்குச் சாத்தியமில்லை. பணிவு அவருடைய குணம். பிடிவாதம் அவருடைய தொழில். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதை நாம் ஏற்கப் பழக வேண்டும்.

2010 சோஃபியா ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிராளி பல்கேரியாவின் டோபலோவ். போட்டி நடந்ததும் அவருடைய நாட்டில். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நின்றுபோக, ஆனந்தும் குழுவும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வேனிலேயே ஏறக்குறைய நாற்பது மணி நேரம் பயணம் செய்து போனார்கள். கடைசி, பன்னிரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று 6.5-5.5 என்று பட்டத்தைக் காத்தார். இதெல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். ஆட்டம் முடிந்தபிறகு வெளியே வந்த செய்திதான் எனக்குப் பெரிது. தயாரிப்பில் ஆனந்துக்கு உதவியவர்களில் மூன்று பேர் காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன். முதலாமவர் ஆனந்தைத் தோற்கடித்தவர். இரண்டாமவர் ஆனந்திடம் தோற்றவர். மூன்றாமவர் மூன்றே ஆண்டில் ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறிக்கப்போகிறவர்.

சதுரங்கத்தில் ஒருவன் காத்துவைக்கிற சொத்து அவனுடைய தயாரிப்புதான். எந்த ஓபனிங்கில் எந்த நகர்த்தலுக்கு எதைப் பதிலாக வைத்திருக்கிறோம் என்பது வீட்டுக்குள் பூட்டிவைக்கிற ரகசியம். இன்னொரு ஆட்டக்காரரோடு அதைப் பகிர்ந்தால் நாளை அவரே அதை வைத்து நம்மை வெட்டலாம். அப்படியிருந்தும் எதிரிகளாக எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் அவரோடு ஒரே பக்கம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பட்டங்கள் வாங்கித்தராது. ஆண்டுக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் மோதியபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குக் கிடைத்த பலன் அது.

பிறகு 2013 நவம்பர். சொந்த ஊர். அண்ணா சாலை ஹயாத் ரீஜென்சி. தமிழக அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கி நடத்திய உலக சாம்பியன்ஷிப். ஆனந்துக்கு 43 வயது, கார்ல்சனுக்கு 22. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை அடுத்தடுத்துத் தோற்றார். ஒன்பதாவதில் எல்லாவற்றையும் பணயம் வைத்துத் தாக்கி, கணக்குத் தவறித் தோற்றார். பன்னிரண்டு ஆட்டம் என்றிருந்தது பத்திலேயே 6.5-3.5 என்று முடிந்துவிட்டது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நண்பர்களுக்கும் மத்தியில், தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்ட நகரத்தின் நடுவில் தோற்பது சாதாரணத் தோல்வி இல்லை. தோற்ற ஒவ்வொரு நாளும் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, அதே கேள்விக்கு அதே பொறுமையோடு பதில் சொன்னார். நான் அவருடைய எல்லா வெற்றிகளுக்கும் மேலே அந்த இரண்டு வாரத்தை வைப்பேன்.

அந்த ஆட்டத்தை ஏழு வயதுக் குகேஷ் பார்க்க வந்திருந்தான். கண்ணாடி அறைக்குள் இருவர் உட்கார்ந்திருக்க, ஒருநாள் தானும் அந்த அறைக்குள் இருக்க வேண்டும் என்று அன்று தோன்றியதாக, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டாவது வயதில் உலக சாம்பியன் ஆனபின் சொன்னான். ஒரு பெரியவரின் வெற்றியைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஆசை வரும் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு ஆசை வந்தது ஒரு தோல்வியைப் பார்த்து.

2020 டிசம்பரில் வெஸ்ட்பிரிட்ஜ் கேபிடல் நிறுவனத்தோடு சேர்ந்து ஆனந்த் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். முதல் அணியில் ஐந்து பேர்: பிரக்ஞானந்தா, அவர் அக்கா வைஷாலி, குகேஷ், கேரளத்தின் நிஹால் சரீன், நாக்பூரின் ரௌனக் சாத்வானி. கொரோனா காலம் என்பதால் வகுப்புகள் திரை வழியே நடந்தன. வழிகாட்டிகளாக யாரை அழைத்தார் என்று பாருங்கள். 1995இல் காஸ்பரோவுக்கு எதிராகத் தனக்குத் துணை நின்ற அர்தூர் யூசுபோவ். 2012இல் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காகத் தன்னை எதிர்த்து டை-பிரேக் வரை இழுத்த போரிஸ் கெல்ஃபாண்ட். தன் சொந்தத் தயாரிப்புக் குழுவிலிருந்த சந்தீபன் சந்தாவும் போலந்தின் கயேவ்ஸ்கியும். இந்தக் கயேவ்ஸ்கிதான் 2014 சோச்சியில் ஆனந்துக்கும், பத்து ஆண்டு கழித்து சிங்கப்பூரில் குகேஷுக்கும் பின்னால் நின்று வேலை செய்தவர். பணம் கொடுப்பது, பேர் கொடுப்பது, விழாவில் கேடயம் கொடுப்பது எல்லாம் ஒரு வகை. தன் நண்பர்களையும் தன் எதிராளியையும் தன் குழுவையும் தூக்கிக் கொடுப்பது வேறு வகை. நாற்பது ஆண்டுப் போட்டியில் சேர்ந்தது எதுவோ அதையே அவர் கொடுத்தார்.

ஆசிரியரை ஏணி என்று சொல்வது நம் பழக்கம். ஏற்றிவிட்டுத் தான் அங்கேயே நிற்கும் ஏணி. ஆனந்துக்கு அது பொருந்தாது. பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2022 நார்வே போட்டியில், ஐம்பத்திரண்டு வயதில், உலக சாம்பியன் கார்ல்சனை ஆர்மகெடான் ஆட்டத்தில் வீழ்த்தி மூன்றாமிடம் வந்தார். கூடவே ஏறுகிறவர் அவர். பிள்ளைகளுக்கு அதுதான் பாடம். சாய்வு நாற்காலியிலிருந்து வருகிற அறிவுரைக்கும், நேற்று தானே ஆடித் தோற்ற ஒரு ஆட்டத்தைத் திறந்துவைத்து இங்கேதான் பயந்தேன் என்று சொல்கிறவரின் பேச்சுக்கும் உள்ள தூரம், ஆடுகிற பிள்ளைக்கு உடனே தெரியும்.

தலைமை என்றால் என்ன என்பதற்கு 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது ஒலிம்பியாட் இன்னொரு பதில் தந்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து, வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்து ஊரே கொண்டாடிய நாட்கள். தன் ஊருக்கு வந்த ஒலிம்பியாடில் ஆனந்த் ஆடவில்லை. இடத்தை இளையவர்களுக்கு விட்டுவிட்டு வழிகாட்டியாக இருந்தார். அந்த ஆகஸ்டில்தான் ஃபிடேயின் துணைத் தலைவராகவும் தேர்வானார். ஆர்.பி. ரமேஷ் பயிற்றுவித்த இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகை பதினாறு வயதுக் குகேஷுக்கு. முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோடு ஆடிய ஆட்டம், கையிலிருந்தது, நேர நெருக்கடியில் கைநழுவியது. அதோடு அணியின் தங்கமும் போயிற்று. உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்க, நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். பலகையின் முன்னால் தலையைக் கவிழ்த்து அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தோற்ற மறுநாள் அவனே மீண்டும் முதல் பலகையில் உட்கார்ந்தான். இரண்டாண்டு கழித்து 2024 புடாபெஸ்டில் இந்தியா ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் தங்கம் வென்றபோது, முதல் பலகையில் பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுத்தவனும் அவனே. தோற்றவனை ஒதுக்காமல் அதே இடத்தில் உட்காரவைக்கிற அணிக்குத்தான் அப்படி ஒரு புடாபெஸ்ட் வாய்க்கும். அந்த அணியின் கேப்டன் ஶ்ரீநாத் நாராயணனும் தமிழ்நாட்டு கிராண்ட்மாஸ்டர்தான். அவரும் ரமேஷும் தங்கள் ஆட்ட வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு பயிற்றுவிக்க வந்தவர்கள். ரமேஷ், மனைவி ஆர்த்தி ராமசாமியோடு 2008இல் தொடங்கிய செஸ் குருகுலத்தில்தான் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் உருவானார்கள். ஆனந்தின் புகழ் வெளிச்சத்தில் இந்தப் பெயர்கள் மங்கிவிடக் கூடாது.

களத்தில் இருக்கும்போதே அடுத்தவர்களைப் பழக்குவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1985இல் அமிர்தராஜ் குடும்பம் பிரிட்டானியாவோடு சேர்ந்து டென்னிஸ் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, கொல்கத்தாவிலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்த லியாண்டர் பயஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். விஜய் அமிர்தராஜ் அப்போது ஓய்வுபெற்றவர் அல்ல. 1987இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோன அணியின் கேப்டன்.

ஆனால் ஒரு கவலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனந்தின் கூடத்துக்கு வந்த பிள்ளைகள் முன்பே வெகுதூரம் ஏறி வந்தவர்கள். குகேஷ் 2019 ஜனவரியிலேயே, பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில், கிராண்ட்மாஸ்டர் ஆனவன். அந்தத் தூரம் வரை ஏற்றிவிட்டது குடும்பம். மகனோடு நாடு நாடாகப் போவதற்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தன் தொழிலை நிறுத்தி வைத்தார். மைக்ரோபயாலஜிஸ்டான அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. நண்பர்கள் செலவுக்குக் கைகொடுத்தார்கள். படித்த, நல்ல வேலையிலிருந்த வீட்டுக்கே இந்தப் பாடு. ஞாயிற்றுக்கிழமை தி.நகரிலோ அடையாறிலோ ஏதாவது பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கிற போட்டிக்குப் போனால் வெளியே படிக்கட்டில் பெற்றோர் கூட்டம் காத்திருக்கும். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் மடியில். நுழைவுக் கட்டணம், வகுப்புக் கட்டணம், ரேட்டிங் போட்டிக்கு வெளியூர்ப் பயணம் என்று பேச்சு ஓடும். அந்தப் படிக்கட்டுக்குக்கூட வந்துசேர முடியாத வீடுகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றன. பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில், கோட்டூர்புரம் குடியிருப்பில், நொச்சிநகரில். அங்கேயும் ஐந்து நிமிடக் கடிகாரத்தை அழுத்தி ஜெயிக்கத் துடிக்கிற கைகள் இருக்கும். ஏழு வயது முதல் பதினேழு வயதுவரை பள்ளிகளில் சதுரங்கம் என்று அரசு பத்தாண்டுக்கு மேலாகத் திட்டம் வைத்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பள்ளி அளவில் ஒரு போட்டி நடப்பதும், தினமும் போய்த் தன்னைவிடப் பலமானவரிடம் தோற்றுக் கற்றுக்கொள்ள ஓர் இடம் இருப்பதும் ஒன்றல்ல.

டால் கழகம் அந்த இடமாக இருந்தது. பத்து வயதுப் பையனும் வங்கியிலிருந்து வீடு திரும்பும் பெரியவரும் ஒரே பலகையில் உட்கார முடிந்தது. உச்சியில் இருப்பவர்களுக்கு ஆனந்த் கட்டித் தந்துவிட்டார். அடியில் இருப்பவர்களுக்கு ஆரோன் கட்டித் தந்ததைப் போன்ற ஒன்று இன்று வேண்டும். தமிழ்நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேருக்குமேல் சென்னையோடு தொடர்புள்ளவர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாலை நான்கிலிருந்து எட்டு வரை ஓர் அறை, முப்பது பலகை, பதினைந்து கடிகாரம், கட்டணம் கிடையாது. மாதத்தில் ஒரே ஒரு மாலை ஒவ்வொரு கிராண்ட்மாஸ்டரும் வந்து, யார் எதிரே உட்கார்ந்தாலும் முழு பலத்தோடு ஆடினால் போதும். விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம். பிள்ளைகள் அதை விரும்ப மாட்டார்கள். நூலகத்துக்கும் அரசுக்கும் மாநில சதுரங்கச் சங்கத்துக்கும் இது பெரிய செலவே இல்லை. இந்தக் கோடை விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம்.